நாத்தனாரும் நானும் வாங்கிய ஆசிலாஸ்கோப்

அந்த ஆனி மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு பெட்டி ஊமையாக உட்கார்ந்திருந்தது. என் நாத்தனாரும் நானும் சேர்ந்து செய்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பாட்டரியும் ஒரு சர்க்யூட்டும், உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய ஆன்டெனா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். அதைத் தொடாமலே வாசிக்கலாம். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சத்தம் ஏறும், கையை இழுத்தால் இறங்கும். தெரமின் என்று அதற்குப் பெயர். நாத்தனார் புளியங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அங்கே அறிவியல் கண்காட்சியில் வைப்பதற்கென்று ஆரம்பித்த வேலை அது. இணையத்தில் கிடைத்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டால், ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு எத்தனை முறை கையை ஆட்டினாலும் அது வாயைத் திறக்கவில்லை.

“ரெண்டு பேரும் ஈ ஓட்டுத மாதிரி இருக்கு” என்றார் என் கணவர், சாப்பாட்டுத் தட்டை வைக்க இடம் தேடிக்கொண்டே.

எங்களுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. கல்யாணத்துக்கு முன்னால் நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தபோது என் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஈயம் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் அயனும் வந்தது. அது சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கரண்டியாக ரொம்ப காலம் கிடந்தது. நாத்தனாருக்கும் எனக்கும் அப்போதெல்லாம் பெரிய ஒட்டுதல் கிடையாது. வருவாள், “நல்லா இருக்கியளா மைனி?” என்பாள். “இருக்கேன், நீ நல்லா இருக்கியா?” என்பேன். அதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு தீபாவளிக்கு வந்திருந்தவள் பூரிக்கட்டையைத் தேடி இழுப்பறையைத் திறந்து, அயனைக் கையில் எடுத்துவிட்டாள்.

“இது யாருது மைனி?”

“என்னுதுதான்.”

“உங்களுக்குப் பத்தவைக்கத் தெரியுமா? இத்தனை வருசமா ஏன் சொல்லல?”

யாரும் கேட்கவில்லை என்றேன். அன்றைக்குப் பூரி சுட மறந்துபோய் இரண்டு பேரும் வீட்டு எமர்ஜென்சி விளக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அதிலிருந்து அவள் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் எலுமிச்சை வியாபாரம். வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வரும். மேசையில் ஒரு பக்கம் ஜூஸ், ஒரு பக்கம் ஈய வாசனை.

தெரமின் ஏன் பாடவில்லை என்று கண்டுபிடிக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குள் இரண்டு துடிப்புகள் ஓடுகின்றன. இரண்டுமே நொடிக்குச் சில லட்சம் தடவை துடிப்பவை. மனிதக் காதுக்கு எட்டாது. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் மட்டும்தான் நமக்குச் சத்தமாகக் கேட்கும். வித்தியாசம் பெரிதாகிவிட்டால் அதுவும் கேட்காது. ஆகவே உள்ளே ஒன்றுமே ஓடவில்லையா, இரண்டும் ஓடியும் ஒத்துப்போகவில்லையா என்று காதால் சொல்ல வழியே இல்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும். மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவிதான் ஆசிலாஸ்கோப்.

முதலில் காசில்லாத வழியைப் பார்த்தோம். மகன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது அதை எனக்கு விட்டுவிட்டுப் போனான். மைக் செருகும் துளை வழியாகவே அலையைக் காட்டும் ஒரு மென்பொருள் கிடைத்தது. நாத்தனார் விசில் அடித்தால் திரையில் அழகாக நெளிந்தது. ஆனால் மைக் என்பது காதுக்காகச் செய்தது. காதுக்கு எட்டாதது அதற்கும் எட்டாது. எங்கள் பெட்டியை மாட்டினால் நேர்க்கோடு.

“நிஜமாவே ஒண்ணு வாங்கிருவோமா மைனி?” என்றாள். பாதி பாதி போட்டு வாங்குவது, ஒரு வாரம் சங்கரன்கோவில், ஒரு வாரம் புளியங்குடி என்று அங்கேயே முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் ஆடி பிறந்துவிட்டது.

எனக்கு மனசெல்லாம் பாலிடெக்னிக் லேபில் பார்த்த பெரிய பெட்டிமேல்தான். சின்ன வட்டத் திரை, அதில் பச்சைக்கோடு, முகமெல்லாம் திருகுகள். திருநெல்வேலியில் ஒரு பழைய கருவிக் கடையில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் தூசி தட்டி சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கருப்புக்குள்ளிருந்து மெல்ல ஒரு பச்சைப் புள்ளி துளிர்த்து, நீண்டு, கோடானது. நான் இன்னும் கிட்டே போய் நின்றேன். பதினெட்டு வயசில் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்ற பெண் யார் எவர் என்று எனக்குத்தான் தெரியும்.

நாத்தனார் பெட்டியைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். ஒரு பக்கம் மட்டும் எழும்பியது.

“மைனி, இத மடியில வச்சுக்கிட்டா பஸ்ஸுல போவீய? இதுக்கே ஒரு டிக்கெட் போடணுமே.”

கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வருகிற வழியில் ஆளுக்கு ஒரு கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினோம். அல்வாவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வெறுங்கைதான்.

அவள் ஆசைப்பட்டது வேறு மாதிரி. கைக்குள் அடங்குகிற, தானே ஒரு குட்டித் திரை வைத்த கருவி. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். விலையும் ரொம்பக் குறைவு. “வகுப்புல பெஞ்சு பெஞ்சா கொண்டுபோய்க் காட்டலாம்லா” என்று அதன் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் காலையிலும் மாலையிலும் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளே ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினாள்.

“மைனி, அது வேண்டாம். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

“என்னாச்சு?”

“ஊஞ்சல் ஆடுத புள்ளைய போட்டோ எடுக்கோம்னு வைங்க. ஒரு ஆட்டத்துக்குப் பத்து போட்டோ எடுத்தா ஊஞ்சல் எப்படிப் போகுது, எப்படி வருதுன்னு தெரியும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு போட்டோதான்னா, புள்ள ஆடாம சும்மா உக்காந்துருக்குன்னுல்லா நினைப்போம்? அந்தக் குட்டிப் பெட்டி நொடிக்கு எத்தனை தடவை பாக்கும்னு கீழ பொடி எழுத்துல போட்டுருக்கான். நம்ம அலைக்கு அது ரெண்டு மூணு போட்டோகூடத் தேறாது.”

“அப்ப நான் கேட்டதும் போச்சு, நீ கேட்டதும் போச்சு.”

“இன்னொண்ணு மைனி. ரெண்டு சேனல் வேணும். ரெண்டு துடிப்பையும் ஒண்ணா, மேலயும் கீழயும் வச்சுப் பாக்கணும். ஒவ்வொண்ணாப் பாத்தா எது எதோட சண்டை போடுதுன்னு எப்படித் தெரியும்?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி உள்ளே புகுந்தார். “ஏட்டி, உனக்கு மாப்பிள்ள பாக்கவே நாங்க நாலு வீடுதான் ஏறி இறங்கினோம். இதுக்கு இத்தனை பொருத்தமா?”

“அதனாலதாம்ணே இதையாவது பாத்து எடுக்கேன்!” என்றாள் அவள். பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

அவர்தான், என் கணவர்தான், தட்டைக் கழுவப் போகிறபோது போகிறபோக்கில் கேட்டார்: “ஜெராக்ஸ் கடையில ஸ்கேனருக்குன்னு தனியா ஒரு டிவி வச்சிருக்கோமா? கம்ப்யூட்டர்லதான பாக்கோம். அது மாதிரி இதுக்குக் கிடையாதா?”

இருந்தது. யுஎஸ்பி ஆசிலாஸ்கோப். அதற்குத் திரை கிடையாது, திருகு கிடையாது. அலையைப் பிடித்து லேப்டாப்புக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. திரைக்கும் திருகுக்கும் காசு கொடுக்காததால் அதே விலையில் வேகம் கூட. நாங்கள் இரண்டு பேருமே அதை முன்பே பார்த்துக் கடந்து போயிருந்தோம். எனக்கு அதில் பச்சைக்கோடு இல்லை, அவளுக்குப் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோக முடியாது என்று. இப்போது உட்கார்ந்து நிதானமாகப் படித்தோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகத்தில் பாதியை நம்பினால் போதும் என்று நாத்தனார் சொன்னாள். பாதியே எங்களுக்கு ஏராளம். இரண்டு சேனல் இருந்தது. எங்கள் பழைய லேப்டாப்பில் அந்த மென்பொருள் ஓடுமா என்று நான் தேடிப் பார்த்தேன். வாங்கினவர்கள் எழுதியதை எல்லாம் படித்ததில், ஓடும் என்று தெரிந்தது. ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இந்தக் கருவியின் எர்த் கம்பியும் லேப்டாப்பின் எர்த்தும் ஒன்று, தவறினால் கரண்ட் நேரே லேப்டாப்புக்குள் பாயும். ஆகவே சுவர் பிளக் மின்சாரத்தை இதை வைத்துத் தொடவே கூடாது. பாட்டரியில் ஓடுகிற சாமான்களை மட்டும்தான். “சரி டீச்சர்” என்றாள் டீச்சர். அன்றைக்கே ஆர்டர் போட்டோம்.

பார்சல் வந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். ஆடித்தபசுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அன்று அம்மன் தேரோட்டம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நாத்தனார் குடும்பம் முதல் நாளே வந்துவிட்டது. சிவகிரியிலிருந்து என் கணவரின் சித்தி வந்திருந்தார். நான் இட்லிக் கொப்பரையைத் திறந்துகொண்டிருக்கும்போது போன்.

“அக்கா, கொரியர். ரத வீதி முக்குல நிக்கேன். வண்டி உள்ள வராது. இங்கன வந்து வாங்கிக்கிடுதீங்களா?”

கொப்பரையைச் சித்தியிடம் விட்டுவிட்டு நானும் நாத்தனாரும் கிளம்பினோம். தெரு முழுக்கத் தலை. பலூன், பீப்பி, பொரி, முறுக்கு. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க” என்று முண்டினால், எல்லோரும் நாங்கள் வடம் பிடிக்கத்தான் அவசரப்படுகிறோம் என்று நினைத்து வழி விட்டார்கள். கொரியர்காரர் என் வயசிருப்பார். நீர்மோர்ப் பந்தலில் நின்று இரண்டாவது தம்ளர் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா இப்படி ஓடி வாரீங்க. தங்கமா உள்ள?”

“அலை அண்ணாச்சி, அலை” என்றாள் நாத்தனார். அவர் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அடுத்த தம்ளருக்குக் கையை நீட்டினார்.

வீட்டில் பிரித்தோம். சோப்பு டப்பா அளவில் ஒரு கருப்புப் பெட்டி. இரண்டு வயர்கள், முனையில் ஊசி மாதிரி மூக்கு. அதைப் புரோப் என்பார்கள். “இதுக்கா இட்லிக் கொப்பரையையும் விட்டுட்டு ஓடினிய?” என்று சித்தி கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. போன் நெட்டைப் போட்டு மென்பொருளை இறக்கினோம். ஒரு முறை தகராறு செய்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் ஒத்துக்கொண்டது. திரையில் மஞ்சளாக ஒரு கோடு. படுத்தே கிடந்தது.

நான் புரோபின் முனையை விரலால் தொட்டேன்.

கோடு எழுந்தது. மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, மலைத்தொடர் மாதிரி ஓர் அலை திரையெங்கும் நின்றது. நாத்தனார் ‘ஆ’வென்று கத்திவிட்டாள். வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற மின்சாரத்தின் அலை அது. வயர்களைத் தொடாமலே, பக்கத்தில் இருக்கிற நம் உடம்பில் அது லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆன்டெனா மாதிரி. ஆபத்து ஒன்றும் கிடையாது. படித்தது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் சொந்த விரலிலிருந்து அது வந்து நிற்பதைப் பார்த்தபோது இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போலக் குதித்தோம்.

சத்தம் கேட்டு வீடே கூடிவிட்டது. எல்லோருக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசை நின்றது. என் கணவர் தொட்டார், நல்ல உயரம். நாத்தனார் வீட்டுக்காரர் தொட்டார், அதைவிட உயரம். “எலுமிச்சம்பழ ரத்தம்லா” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கடைசியாகச் சித்தி. முதலில் மாட்டேன் என்றார். பிறகு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் திருநீறு எடுக்கிற மாதிரி பவ்யமாக முனையைத் தொட்டார். அலை எழுந்தது. சித்தி முகத்தில் ஒரு பெருமை.

“நல்லாத்தான் இருக்கு தாயி எனக்கும்” என்று சொல்லி வாயை மூடவில்லை, அலை பொசுக்கென்று படுத்துவிட்டது. வெறும் கோடு.

சித்தி விரலை எடுக்கவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. “ஏ மக்கா... எனக்கு என்னமோ ஆயிட்டு” என்றார் மெல்ல.

எனக்கும் ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவது குறைந்து குறைந்து நிற்பதைப் பார்த்தேன். தேர் வருகிறதென்றால் ரத வீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். லேப்டாப் மட்டும் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“சித்தி, உங்களுக்கு ஒண்ணும் ஆகல! கரண்ட்டு போயிட்டு! தேரு கிளம்பிட்டு!”

வீடே சிரித்த சிரிப்பில் சித்தியும் சேர்ந்துகொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பாவி மக்கா, ஒரு நிமிசத்துல என்னைய அனுப்பி வச்சிட்டியளே” என்று நாத்தனாரின் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குள் வேட்டுச் சத்தம். போட்டது போட்டபடி எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். நானும் நாத்தனாரும் வடத்தில் கை வைத்து இழுத்தோம். பக்கத்தில் சித்தி எங்கள் எல்லோரையும்விட வேகமாக இழுத்தார்.

மத்தியானம் சாப்பாடெல்லாம் முடிந்து, பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்ட பிறகு, நாங்கள் இரண்டு பேரும் ஊமைப் பெட்டியை எடுத்தோம். கரண்ட் வந்திருந்தது. ஒரு புரோபை ஒரு துடிப்பில் வைத்தேன், இன்னொன்றை இன்னொன்றில். மேலே மஞ்சளில் ஒன்று, கீழே நீலத்தில் ஒன்று. இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. செத்துப்போனதாக நாங்கள் நினைத்தது உள்ளே இத்தனை நாளும் ஓயாமல் துடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆனால் மேலே அலைகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருந்தன. கீழே வேலிக்கல் ஊன்றின மாதிரி தள்ளித் தள்ளி நின்றன.

நாத்தனார் திரையில் விரலை வைத்து வாய்க்குள் எண்ணினாள். “மைனி, மேல பத்து போனா கீழ ஒண்ணுதான் போகுது.”

“சரியாப் பத்தா?”

“கிட்டத்தட்ட பத்து.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பத்து மடங்கு என்றால் தற்செயல் இல்லை. நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சர்க்யூட்டுக்கு மேல் குனிந்தேன். துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கிற, அரிசி அளவு மஞ்சள் கெப்பாசிட்டர்கள் இரண்டு. ஒன்றில் 101 என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 102. அந்தக் கடைசி எண்தான் பின்னால் எத்தனை பூஜ்யம் என்று சொல்வது. ஒரு பூஜ்யம் கூடிப்போனால் பத்து மடங்கு மெதுவாகிவிடும்.

“இத யாரு வச்சது?” என்றேன்.

“நீங்கதான்” என்றாள்.

“நீதான்” என்றேன்.

அதை மட்டும் எந்தக் கருவியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

அயன் சூடாகும்வரை காத்திருப்பதுதான் சிரமமாக இருந்தது. மாற்றிவிட்டுப் பார்த்தால் மேலும் கீழும் சீப்புப் பல். ஏறக்குறைய ஒத்துப்போயின. தெரமினில் இருந்த சின்னத் திருகை நான் மெல்லத் திருப்பினேன், அவள் திரையைப் பார்த்து “இன்னும், இன்னும், நில்லுங்க” என்றாள். நீல அலை மஞ்சள் அலையை நோக்கி நகர்ந்து நகர்ந்து வந்தது. புரோப்களை எடுத்ததும் ஸ்பீக்கர் ‘ஊ...’ என்றது.

ஒரு மாசத்துக்கு மேல் ஊமையாக இருந்தது வாய் திறந்தால் எப்படி இருக்கும்? அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. பசித்த பூனையும் புல்லாங்குழலும் கலந்த மாதிரி. நாத்தனார் கையை முன்னால் கொண்டுபோனாள், அது கீச்சென்று ஏறியது. இழுத்தாள், குழைந்து இறங்கியது. அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

“யாருட்டி அது, அழுதது?” என்று பாயிலிருந்து சித்தி எழுந்து வந்தார்.

நாங்கள் பெட்டியைக் காட்டினோம். சித்தி ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பயந்து எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். நாங்கள் எல்லோரும் கையை ஏற்றி இறக்கிக்கொண்டு மட்டும் இருந்தபோது, அவர் ஒன்று செய்தார். கையை ஓரிடத்தில் நிறுத்தி, விரல்களை மட்டும் படபடவென்று ஆட்டினார். ஸ்பீக்கரிலிருந்து நடுநடுங்கி, துள்ளித் துள்ளி, அப்படியே குலவைச் சத்தம்! பொம்பளைகள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற அதே குலவை. சித்திக்கே ஆச்சரியம். அடுத்து வாயாலும் ஒரு குலவை போட்டார், பெட்டியும் சேர்ந்து போட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் பாக்கி இல்லாமல் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்தப் பெட்டிக்கு முன்னால் வரிசை கலையவே இல்லையாம். நாத்தனார் போனில் சொல்லும்போது பின்னால் பிள்ளைகளின் கூச்சலும், அதற்கு நடுவில் தெரமினின் ஊளையும் கேட்டன. தலைமையாசிரியை மூன்று தடவை வந்து வாசித்துப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

ஆசிலாஸ்கோப் இப்போதும் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கிறது. போகும்போது மதியச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில். வரும்போது எலுமிச்சம்பழங்களோடு. இந்த வாரம் அது அங்கே இருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். மழைத்துளி விழுந்தால் தாளம் போடுகிற ஒரு பெட்டியாம். சனிக்கிழமை வருகிறாள்.